மூட்டத்துக்குள் ஃபிளாஷ்: அடிக்காதபோது எங்கே தேடுவது

இலங்கை மலையகத்தில் கல்யாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா என்று படம் எடுக்கப் போகிற தம்பிமார் எனக்குப் போன் எடுத்தால் முக்கால்வாசி ஒரே கேள்விதான். "அண்ணே, ஸ்டாண்டுல வச்ச ஃபிளாஷ் அடிக்க மாட்டேங்குது. என்னா செய்ய?" பின்னால் மேளச் சத்தம் கேட்கும். மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று யாரோ கத்துவார்கள். அந்த நேரத்தில் போனில் சொல்லி விளங்க வைக்கக்கூடியது கொஞ்சம்தான். அதனால் ஆறுதலாக உட்கார்ந்து, எனக்குத் தெரிந்ததை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் சொல்வது கமராவின் தலையில் இல்லாமல் ஸ்டாண்டிலோ ஒருவர் கையிலோ இருந்து, பலத்தை நாமே வைக்கிற மேனுவலில் ஓடுகிற ஃபிளாஷைப் பற்றி. கமராவே வெளிச்சத்தை அளந்து வைக்கிற டிடிஎல் இருக்கும்போது ஏன் இந்தச் சிரமம் என்று கேட்பார்கள். டிடிஎல்லில் முதலில் ஒரு சின்ன வெளிச்சம் போகும். அது பட்டுத் திரும்புவதை அளந்து, அதற்குத் தக்கபடி கமரா பெரிய வெளிச்சத்தைத் தீர்மானிக்கும். மண்டபத்துக்குள் இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் நுவரெலியா 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். பின்னேரம் மூட்டம் இறங்கிவிட்டால் அந்தச் சின்ன வெளிச்சம் ஆளைத் தொடுவதற்கு முன்பே பனித்துளிகளில் பட்டுத் திரும்பிவிடும். ஆள் நல்ல வெளிச்சத்தில் நிற்கிறார் என்று கமரா எடுத்துக்கொண்டு ஃபிளாஷைக் குறைத்துவிடும். மூட்டம் கூடக் குறைய, ஒரே இடத்தில் எடுத்த படங்களே ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வரும். மேனுவலில் முழுப் பலத்தில் 1/8 என்று வைத்தால் அது 1/8தான். நாம் கை வைக்காமல் எதுவும் மாறாது. அதனால்தான் பிழையை ஒவ்வொரு இடமாகத் தேடிப் பிடிக்க முடிகிறது.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ஃபிளாஷ் அடிக்கவே இல்லையா, அல்லது அடித்தும் படத்தில் விழவில்லையா? பதற்றத்தில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு, சரியாக இருப்பதையெல்லாம் மாற்றிவிடுகிறார்கள். பக்கத்தில் நிற்கிற ஒரு பையனை ஃபிளாஷையே பார்த்துக்கொண்டிருக்கச் சொல்லிவிட்டு ஒரு படம் எடுங்கள். அவன் "அடிச்சிச்சு" என்றால் ஒரு வழி, "இல்லண்ணே" என்றால் வேறு வழி.

அடிக்கவில்லை என்றால் மூன்று பட்டன்களை வரிசையாக அமுக்குங்கள். ஃபிளாஷிலேயே இருக்கும் டெஸ்ட் பட்டன் முதலில். அதற்கே அடிக்கவில்லை என்றால் பெட்டரி, அல்லது ஃபிளாஷ் தூங்கிவிட்டது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கவென்று தானாக அணைகிற வசதி பெரும்பாலான ஃபிளாஷ்களில் உண்டு. ஸ்டாண்டில் வைக்கிற ஃபிளாஷில் அதை நிறுத்தி வைப்பது நல்லது. அடுத்தது, கமராவின் தலையில் மாட்டி ரேடியோவால் ஃபிளாஷை அடிக்க வைக்கிற ட்ரிகரின் டெஸ்ட் பட்டன். ஃபிளாஷ் தன் பட்டனுக்கு அடித்து, ட்ரிகரின் பட்டனுக்கு அடிக்கவில்லையா, பிழை ரேடியோவில். கடைசியாகக் கமராவின் ஷட்டர். ட்ரிகர் பட்டனுக்கு அடிப்பது ஷட்டருக்கு மட்டும் அடிக்கவில்லை என்றால், ஸ்டாண்டுப் பக்கம் ஓட வேண்டாம். பிழை உங்கள் கையில் இருக்கிற கமராவிலோ, ட்ரிகரை மாட்டுகிற இடமான அதன் ஷூவிலோதான்.

எங்கள் பக்கத்தில் அதிகம் வருவது இந்த மூன்றாவதுதான். ட்ரிகர் ஷூவுக்குள் கடைசி வரை போகாமல் அரை மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் நடுவில் இருக்கும் பின் தொடாது. கழற்றி, திரும்ப அழுத்தித் தள்ளி, பூட்டை இறுக்குங்கள். ஈரமான காற்றில் அந்தப் பின்னிலும் ஷூவின் தகட்டிலும் மங்கலாக ஒரு படலம் பிடிக்கும், கண்ணுக்கு லேசில் தெரியாது. பாடசாலைப் பிள்ளைகளின் பென்சில் அழிறப்பர் போதும். ட்ரிகரைக் கழற்றிவிட்டுத் தகட்டை நாலைந்து தரம் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதித் தள்ளிவிட்டு மாட்டிப் பாருங்கள். மாரி காலத்தில் இது மட்டுமே எத்தனையோ விழாக்களைக் காப்பாற்றியிருக்கிறது.

பிறகு மெனு. சைலண்ட் ஷட்டர், அதாவது எலெக்ட்ரோனிக் ஷட்டர் போட்டிருந்தால் பெரும்பாலான கமராக்கள் ஃபிளாஷுக்குச் செய்தியே அனுப்பாது. கோயிலில் பூசை நேரம் சத்தம் வரக்கூடாது என்று போட்டுவிட்டு, வெளியே வந்து மாற்றாமல் விட்டிருப்பார்கள். மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றினால் சரி. இன்னொன்று, வாங்கும்போதே தெரிந்திருக்க வேண்டியது: 2019இல் வந்த கேனன் 200டி மார்க் 2 கமராவின் ஷூவில் நடுப்புள்ளியே கிடையாது. பழைய ஒற்றைப் பின் ட்ரிகர்களும் மலிவான மேனுவல் ஃபிளாஷ்களும் அந்த நடுப்புள்ளியை நம்பியே வேலை செய்கின்றன. தம்பி ஒருவர் நல்ல ட்ரிகரைப் பழுது என்று சொல்லித் திரும்பக் கொடுக்கப் போனார். கமராவின் ஷூவை என்னிடம் காட்டியபோது நடுவில் வெறும் பிளாஸ்டிக். இந்த மாதிரிக் கமராவுக்கு, அதற்குப் பொருந்தும் என்று தெளிவாகச் சொல்லப்பட்ட ட்ரிகரைத்தான் வாங்க வேண்டும். உடனே ஒரு வழி வேண்டுமென்றால் கமராவின் சொந்த ஃபிளாஷைத் தூக்கிவிட்டு, வெளியே இருக்கும் ஃபிளாஷை எஸ்2 என்ற நிலையில் வையுங்கள். அது கமராவின் முதல் சின்ன வெளிச்சத்தை விட்டுவிட்டு, இரண்டாவதாக வரும் வெளிச்சத்துக்கு அடிக்கும். எஸ்1இல் வைத்தால் முதல் வெளிச்சத்துக்கே அடித்துவிட்டு, படம் எடுபடும் நேரத்தில் வெறுமையாக நிற்கும். கண்ணால் பார்த்தால் அடித்த மாதிரித்தான் இருக்கும், படத்தில் ஒன்றும் இருக்காது.

ரேடியோவில் பிழை என்றால் சனல், குரூப், ஐடி மூன்றையும் இரண்டு பக்கமும் ஒத்துப் பாருங்கள். ஒன்று மாறினாலும் அடிக்காமல் போகலாம். இதற்கு நேர்மாறான தொல்லையும் உண்டு: நீங்கள் எடுக்காமலே உங்கள் ஃபிளாஷ் அடித்துக்கொண்டிருக்கும். அட்டனில் ஒரு மண்டபத்தில் இரண்டு வீட்டார் இரண்டு போட்டோக்காரரை வைத்திருந்தால், இருவரிடமும் ஒரே கம்பனியின் ட்ரிகர், இருவரும் பெட்டியிலிருந்து எடுத்தபடியே சனல் 1இல். கோடொக்ஸ் கம்பனியின் எக்ஸ் வகை ட்ரிகர்களில் 32 சனல்களும் 1 முதல் 99 வரை ஐடியும் இருக்கின்றன. அவ்வளவு இருந்தும் 1ஐ விட்டு நகராமல் சண்டை பிடிப்பானேன். உள்ளே போனவுடன் மற்றவரிடம், "நான் 17இல வைக்கிறேன், நீங்க எதுல?" என்று கேட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

ட்ரிகரும் ஃபிளாஷும் மிகப் பக்கத்தில் இருந்தாலும் சில ரேடியோக்கள் தடுமாறும். லயக் காம்பரா என்கிற சின்னத் தோட்ட அறைக்குள் கமராவும் ஃபிளாஷும் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும். கோடொக்ஸ் ட்ரிகர்களில் 0-30 மீட்டர், 1-100 மீட்டர் என்று தூரத்தைத் தெரிவு செய்யும் இடம் ஒன்று உண்டு. அதை 0-30க்கு மாற்றினால் தீரும். தூரத்தில் வைக்கும்போது ஃபிளாஷை ஆட்களின் தலைக்கு மேலே உயர்த்துங்கள். இந்த ட்ரிகர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் வேலை செய்கின்றன. மனித உடம்பு அந்த அலையை நன்றாக உறிஞ்சும். தேர் இழுக்கிற கூட்டம் நடுவில் நின்றால் சுவர் நிற்கிற மாதிரித்தான்.

அடித்து அடித்து இடையில் விட்டுவிட்டால் பெட்டரியைப் பாருங்கள். தோட்டத்துக் கடையில் கிடைக்கிற சாதாரணப் பெட்டரி மணிக்கூட்டுக்குச் சரி, ஃபிளாஷுக்குச் சரிவராது. அல்கலைனில் 1.5 வோல்ட் என்று எழுதியிருக்கும், ரீசார்ஜ் செய்கிற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடில் 1.2 வோல்ட் என்று இருக்கும். அதைப் பார்த்துவிட்டு அல்கலைன்தான் பலம் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஃபிளாஷ் ஒரே மூச்சில் நிறைய மின்சாரத்தை இழுக்கிற சாமான். அப்படி இழுக்கும்போது அல்கலைனின் வோல்ட் சரிந்துவிடும், ரீசார்ஜ் பெட்டரி தாக்குப் பிடிக்கும். மார்கழி, தை மாதக் குளிரில் அல்கலைன் இன்னும் சோர்ந்துவிடும். நாலு பெட்டரியையும் ஒரே நாளில் வாங்கி, ஒன்றாகவே சார்ஜ் செய்து, ஒரு ரப்பர் வளையத்தில் கட்டி வையுங்கள். நாலில் ஒன்று கிழடானால் மற்ற மூன்றையும் அது இழுத்து விழுத்தும். 1/1இல், அதாவது முழுப் பலத்தில், அடித்தால் திரும்ப நிரம்பச் சில விநாடி போகும். நிரம்புவதற்கு முன் எடுத்தால் ஒன்றில் அடிக்காது, இல்லாவிட்டால் அரைகுறையாக அடிக்கும். 1/4இல் ஓடவிட்டு, கமரா வெளிச்சத்தை உணரும் அளவான ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொள்வது எப்போதும் நல்லது. தொடர்ந்து முழுப் பலத்தில் அடித்தால் சூடாகி, தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஃபிளாஷே வேகத்தைக் குறைக்கும். அது பழுது இல்லை, ஆற விடுங்கள்.

சரி, பையன் "அடிச்சிச்சு" என்கிறான், ஆனால் படம் கறுப்பு. அல்லது படத்தின் அடியில் ஒரு கறுப்புப் பட்டை. இது ஷட்டர் வேகம். கமராவுக்குள் இரண்டு திரைகள் இருக்கின்றன. முதல் திரை திறந்து போக, இரண்டாவது திரை வந்து மூடும். குறிப்பிட்ட ஒரு வேகம் வரைக்கும்தான் சென்சர் முழுவதும் ஒரே நேரத்தில் திறந்திருக்கும். கமராவைப் பொறுத்து அது பெரும்பாலும் 1/160 முதல் 1/250 விநாடி வரை. அதற்கு மேலே போனால் ஒரு இடுக்குத்தான் நகர்ந்து போகும். ஃபிளாஷ் கண் சிமிட்டுவதற்குள் முடிகிற வெளிச்சம் என்பதால் அந்த நேரத்தில் திறந்திருக்கும் பகுதியில் மட்டும் விழும். மலிவான ட்ரிகர் செய்தியைக் கொஞ்சம் பிந்திக் கொண்டுபோகும், அதனால் கமரா 1/200 என்று சொன்னாலும் பட்டை தெரியலாம். 1/160க்கு இறக்குங்கள். ஹைஸ்பீட் சிங்க் என்ற வசதி இருந்தால் அந்த வேகத்துக்கு மேலே போகலாம், ஆனால் பலத்தில் பெரும் பங்கை அது தின்றுவிடும்.

உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கமரா வாங்கியவர்களுக்கு வருகிற வேறொரு பயம்: கமராவை மேனுவலில் வைத்தவுடன் பார்க்கிற திரையே இருட்டாகி, ஆளைக்கூடக் காண முடியாது. ஃபிளாஷ் இல்லாமல் படம் எப்படி வரும் என்பதைத்தான் அது காட்டுகிறது. எக்ஸ்போஷர் சிமுலேஷன், செட்டிங் எஃபெக்ட் என்று ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது, அதை நிறுத்திவிடுங்கள்.

வெளிச்சம் கூடிப் போனாலோ குறைந்து போனாலோ எந்தத் திருகைத் திருப்புவது என்பதில்தான் நிறையப் பேர் நேரத்தை விடுகிறார்கள். ஃபிளாஷின் வெளிச்சத்தை லென்ஸின் துவாரமான அப்பர்ச்சரும் ஐஎஸ்ஓவும் ஃபிளாஷின் பலமும் தூரமும் மாற்றும். ஷட்டர் வேகம் அதைத் தொடாது, சுற்றியிருக்கும் வெளிச்சத்தை மட்டும் மாற்றும். முகம் சரியாக இருந்து பின்னால் மலை இருட்டாக இருந்தால் ஷட்டரை மெதுவாக்குங்கள். மலை சரி, முகம் வெளிறுகிறது என்றால் ஃபிளாஷைக் குறையுங்கள். தூரத்தை மறந்துவிடக்கூடாது. ஒன்றரை மீட்டரில் இருந்த ஃபிளாஷை மூன்று மீட்டருக்குத் தள்ளினால் வெளிச்சம் பாதியாகாது, கால்வாசியாகும். வெளிச்சம் ஒருமுறை பாதியாவது ஒரு ஸ்டாப், இங்கே இரண்டு ஸ்டாப் போய்விடும்.

கணக்கு ஒன்று போட்டுக் காட்டுகிறேன். ஃபிளாஷின் பலத்தைச் சொல்கிற எண் கைட் நம்பர். உங்கள் ஃபிளாஷில் அது ஐஎஸ்ஓ 100இல் 36 மீட்டர் என்று வைப்போம். தூரத்தால் பிரித்தால் அப்பர்ச்சர் வரும்: மூன்று மீட்டரில் முழுப் பலத்துக்கு எஃப்/12. பலத்தை 1/4 ஆக்கினால் நம்பர் பாதியாகி 18. ஐஎஸ்ஓவை 400 ஆக்கினால் இரட்டித்துத் திரும்பவும் 36. வெளிச்சத்தை மென்மையாக்க வைக்கிற வெள்ளைக் குடை சுமார் இரண்டு ஸ்டாப்பைத் தின்னும், அதனால் திரும்பவும் 18. மூன்றால் பிரித்தால் எஃப்/6, கமராவில் எஃப்/5.6. ஆக, இஸ்தோப்பில், அதாவது லயத்து முன் திண்ணையில், மூன்று மீட்டர் தள்ளிக் குடையோடு வைத்தால் ஐஎஸ்ஓ 400, எஃப்/5.6, 1/4 பலம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் முதல் படமே கிட்டத்தட்டச் சரியாக வரும். வரவில்லை என்றால் எங்கேயோ பிழை இருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிடும். பெரும்பாலும் வெளிச்சத்தைக் குவிக்கிற ஃபிளாஷின் ஸூம் 105இல் நின்று, குடையின் நடுவில் மட்டும் வெளிச்சம் விழுந்திருக்கும். குடைக்கு 24 அல்லது 35இல் வையுங்கள்.

இனி மூட்டம். இது எங்கள் ஊருக்கே உரிய பாடு. ஃபிளாஷ் கமராவின் தலையில் இருந்தால் லென்ஸுக்கு முன்னால் மிதக்கிற துளிகள்தான் முதலில் எரியும். படமெல்லாம் வெள்ளை உருண்டைகள், அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் ஆள். பலத்தைக் கூட்டினால் உருண்டையும் கூடும். ஃபிளாஷைக் கழற்றிப் பக்கவாட்டில் கொண்டு போங்கள். லென்ஸுக்கு முன்னால் இருக்கும் பனிமேல் வெளிச்சம் படாவிட்டால் அது படத்தில் வராது. ஆளுக்குப் பக்கத்தில் வைக்க வைக்க நல்லது, ஏனென்றால் வெளிச்சம் கடக்க வேண்டிய பனி குறையும். கறுப்பு மட்டையைச் சுருட்டிக் குழாய் மாதிரி ஃபிளாஷின் வாயில் கட்டினால் வெளிச்சம் சிந்தாது.

பனியே படத்தில் வேண்டுமென்றால் ஃபிளாஷை ஆளுக்குப் பின்னால், கமராவைப் பார்த்த மாதிரி, ஆளின் முதுகு மறைக்கும்படி வையுங்கள். பனித்துளி வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதைவிட முன்னோக்கித்தான் அதிகம் சிதறடிக்கும். அதனால் 1/16 போன்ற சிறு பலத்துக்கே ஆளைச் சுற்றி முழு மூட்டமும் ஒளிரும்.

மாசி மாதத்தில் காமன் கூத்து நடக்கிற தோட்டத்துக்குப் போனால் இவ்வளவும் ஒரே இரவில் தேவைப்படும். மதனும் ரதியும் ஆடுகிற திடல், தப்பு மேளம், தீப்பந்தம், புகை, அதற்கு மேல் மூட்டம். ஃபிளாஷை வெறுமையாக அடித்தால் முகம் வெள்ளையாகவும் நெருப்பு கடும் செம்மஞ்சளாகவும் இரண்டு உலகம் மாதிரி வரும். ஃபிளாஷின் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின், பந்தத்தின் வெளிச்சம் 2000க்குப் பக்கத்தில். ஃபிளாஷின் வாயில் முழு சிடிஓ என்கிற செம்மஞ்சள் ஜெல் தாளை ஒட்டி, கமராவை 3200 கெல்வினில் வையுங்கள். ஐஎஸ்ஓ 1600, எஃப்/4, ஷட்டர் 1/30, ஐந்து மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் ஃபிளாஷ் 1/32. அந்த 1/30இல் பந்தத்தின் தீயும் புகையும் தங்கும். 1/32 பலத்தில் ஃபிளாஷ் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத்தான் எரியும், அதனால் ரதியின் கழுத்து மணி ஆடினபடியே உறைந்து நிற்கும். ஷட்டரை 1/200க்கு ஏற்றிவிட்டு, "கூத்துக்குள்ள இருட்டா வருதுண்ணே" என்று ஃபிளாஷைக் குறை சொல்வதைக் கேட்டால் எனக்கு மனசு பொறுக்காது. இரவெல்லாம் ஆடுகிறவர்கள் அந்த நெருப்பு வெளிச்சத்தில்தான் ஆடுகிறார்கள். அதை அணைத்துவிட்டு எடுக்கிற படம் அவர்களுடைய கூத்து ஆகாது.

கொழுந்து பறிக்கிற அம்மாமாரின் படங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பின்னால் மூட்டம் வெள்ளையாக நிற்கும்போது கமரா அந்த வெள்ளையை அளந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். பச்சை பச்சையாகத் தேயிலை, முதுகில் கூடை, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்பு. அப்படி எத்தனை ஆயிரம் படங்கள்! எங்கள் நிறம் கறுப்புத்தான், அந்தக் கறுப்புக்குள் கண்ணும் சுருக்கமும் சிரிப்பும் இருக்கிறது. ஒன்றரை மீட்டரில், கண்ணுக்குச் சற்று மேலே, ஒரு பக்கமாகக் குடையோடு ஒரு ஃபிளாஷ். ஐஎஸ்ஓ 200, எஃப்/8, 1/4 பலம். ஷட்டரால் மூட்டத்தின் வெள்ளையைத் தேவையான அளவுக்கு இறக்குங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட தோலில் சின்ன ஃபிளாஷ் பளிச்சென்று புள்ளி விழுத்தும். குடை பெரிதாகவும் பக்கத்திலும் இருந்தால் அது விரிந்து மென்மையாகும். அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள், எடுத்ததைக் காட்டுங்கள்.

ஒரு பக்க வெளிச்சத்தில் முகம் எடுப்பதற்கு உலகம் கொண்டாடுகிற ஜூலியா மார்கரெட் கமரன் என்ற ஆங்கிலேயப் போட்டோக்காரர் எங்கள் மண்ணில்தான் அடங்கியிருக்கிறார். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர், 1879இல் இறந்தார், பொகவந்தலாவை சென். மேரிஸ் தேவாலயத்தில் கல்லறை இருக்கிறது. அவர் காலத்தில் ஃபிளாஷ் ஏது? ஈரக் கண்ணாடித் தட்டில், பல நிமிடம் ஆளை அசையாமல் இருத்தி, இயற்கை வெளிச்சத்தை மட்டும் நம்பி எடுத்தார். அந்தப் பக்கம் படம் எடுக்கப் போகிறவர்கள் அவருடைய முகப்படங்களைப் போனிலாவது ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். ஸ்டாண்டை எங்கே ஊன்றுவது என்று தானாகவே தெரியும்.

லயத்துக்குள் எடுக்கும்போது சுவரைக் கவனியுங்கள். நீலம், பச்சை பூசிய சுவரில் ஃபிளாஷைப் பட்டுத் திரும்ப விட்டால் மணப்பெண்ணின் கன்னத்திலும் அதே நிறம். புகை பிடித்த தகரக் கூரையும் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. வெள்ளை வேட்டி ஒன்றைச் சுவரில் கட்டி அதில் அடிக்கலாம்.

அப்புத்தளைப் பக்கத்துக் காற்றுக்குக் குடை ஸ்டாண்டோடு சரியும். அரிசி உரப்பையில் கல்லை நிரப்பி நடுத் தண்டில் தொங்கவிடுங்கள், அல்லது ஒரு தம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொல்லுங்கள். குளிரில் இருந்த கமராவையும் ஃபிளாஷையும் சனம் நிறைந்த காம்பராவுக்குள்ளோ, பஸ்ஸில் கித்துல்கல பக்கம் இறங்கியோ உடனே வெளியே எடுக்காதீர்கள். வியர்த்துப்போகும். பையைப் பூட்டியபடி சூட்டுக்குப் பழக விடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டரியைக் கழற்றி வையுங்கள். அல்கலைன் ஒழுகி உள்ளே வெள்ளையாகப் பூத்திருந்தால், பஞ்சில் ஒரு சொட்டு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ தொட்டுத் துடைத்து, பிறகு ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். ஃபிளாஷின் உடம்பை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் சுமார் 300 வோல்ட் நிற்கும், பெட்டரியைக் கழற்றிய பிறகும் நிற்கும். ஆளைக் கொல்லக்கூடிய சாமான். அதைத் தெரிந்த ரிப்பேர்காரரிடம் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்தும் ட்ரிகர் வேலை செய்யவில்லை, அங்கே நலங்கு தொடங்கிவிட்டது என்றால், பையில் கமராவையும் ஃபிளாஷையும் நேரே இணைக்கிற வயரான சிங்க் கேபிள் ஒன்று இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் போதும். சனல் இல்லை, ஐடி இல்லை, கேபிளுக்குப் பெட்டரியும் வேண்டாம், இரண்டிலும் அதற்கான துளை இருந்தால் செருகினால் அடிக்கும். தரையோடு டேப் போட்டு ஒட்டிவிடுங்கள், சடங்கு வீட்டில் பிள்ளைகள் ஓடித் திரிவார்கள்.